எக்ரிமாண்ட் ரசெட் ஆப்பிள்: பழுப்புத் தோல் அழுகலா?

ஆப்பிள் தோல் பழுப்பா, சுருங்கிப்போயிருக்கே, அழுகலான்னு கேட்டீங்களே. அழுகல் இல்ல அண்ணாச்சி, தூரப் போட்றாதீங்க. உங்க மகன் லண்டன்ல இருந்து கொண்டுவந்த எக்ரிமாண்ட் ரசெட்டுக்கு அந்தச் சொரசொரத்த பழுப்புத் தோல் பிறவிக் குணம். 1870களிலேயே இங்கிலாந்தில் பதிவான பழைய ரகம். தோல்மேல தக்கை மாதிரி படலம் படரும். தடவினா நம்ம சப்போட்டாவேதான்.

சுருங்கினது பாளையங்கோட்டை வெக்கையாலதான் இருக்கும். வழவழப்பான ஆப்பிளைவிட இந்தத் தோல் ஈரத்தைச் சீக்கிரம் விட்டுரும்.

காம்புப் பக்கம் பெருவிரலால அமுக்குங்க. கெட்டியா இருந்தா நறுக்கித் தின்னுங்க. சாறு கம்மிதான், ஆனா மென்னா கொட்டைப்பருப்பு ருசி வரும். அருமையான பழம்! மிச்சத்தைக் கவர்ல கட்டி ஃப்ரிட்ஜ்ல வைங்க.

விரல் அமுங்கி நீர் கசிஞ்சாலோ, விதைக்கூட்டில் பூசணம் தெரிஞ்சாலோ அந்தப் பழம் வேண்டாம்.