முற்றம் முழுக்க கான்கிரீட் போடலாமா?

வாசகி கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், ரெட் ஹில்லில் சரிவான மனையில் எங்கள் வீடு. பின்னால் செம்மண் மேடு, அதன் உச்சியில் அடுத்த வீட்டு வேலி. மேட்டைத் தாங்க மார்பளவு உயரத்துக்கு ஒரு பிளாக் சுவர் இருக்கிறது. என் கணவர் இருந்தபோது கட்டியது. இந்தக் கோடை மழைக்குப் பிறகு சுவர் நடுவில் வயிறு தள்ளினாற்போல் இருக்கிறது. தண்ணீர் சமையலறைக் கதவு வரை வருகிறது. ஒரு கட்டடக்காரர் வந்து பார்த்தார். சுவரைப் பூசி, மேலே மூன்று வரி பிளாக் ஏற்றி, முற்றம் முழுக்க கான்கிரீட் போட்டு, தண்ணீரைச் சமையலறைக் கழிவுநீர் போகும் கல்லி குழியில் விட்டுவிடலாம் என்கிறார். பாதிப் பணம் முன்பணமாம். மகனோ இணையத்தில் பார்த்துவிட்டு, மேட்டின் மேல் மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் ஒரு ஊறல் குழியும், ஜோஜோ என்கிற பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியும் வைத்தால் போதும் என்கிறான். மேட்டில் வேம்பு இனத்தைச் சேர்ந்த ஒரு பெரிய சிரிங்கா மரமும் நிற்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அம்மா, முன்பணத்தை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கட்டடக்காரர் சொல்வதும் வேண்டாம், மகன் சொல்வதும் வேண்டாம். மகன் நல்லெண்ணத்தில் சொல்கிறார், அது ஒன்றுதான் வித்தியாசம்.

முதலில் பாதுகாப்பு. மேட்டின் மேல் ஏறி, சுவருக்கு இணையாக மண்ணில் நீளமான வெடிப்பு ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். அடுத்த வீட்டு வேலிக்கம்பங்கள் உங்கள் பக்கம் சாய்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும், கனமழை எச்சரிக்கை வரும் இரவுகளில் பின்னறையில் யாரையும் படுக்க வைக்காதீர்கள். பொறியாளர் வந்து பார்க்கும் வரை இதில் சமரசம் கிடையாது. நாங்கள் குன்றின் மேல் இருக்கிறோம், வெள்ளம் எங்களை என்ன செய்யும் என்று கேட்பவர்கள் நம்மில் நிறைய. நம் குடும்பங்களில் வெள்ளம் என்றாலே உம்கெனி ஆறுதான் நினைவு. 1917-இல் அந்த ஆறு பெருக்கெடுத்தபோது 'பதவதான் ஆறுவர்' என்று பெயர் பெற்ற மீனவர்கள் படகில் போய் 176 பேரைக் காப்பாற்றிய கதையைப் பாட்டிமார்கள் இன்றும் சொல்வார்கள். 1976-இல் ஆற்றங்கரைத் தகரக் குடிசைப் பகுதியான டின் டவுன் மூழ்கி, அங்கிருந்தவர்கள் ஃபீனிக்ஸுக்குக் குடிபோனதும் ஆற்று வெள்ளத்தால்தான். ஆனால் 2022 ஏப்ரலில் ஆறே இல்லாத சரிவுகளிலும் மண் இறங்கி வீடுகள் போயின. நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இறந்தவர்கள் 400-க்கும் மேல்.

சரி, சுவருக்கு வருவோம். அது வயிறு தள்ளியிருப்பது பிளாக் மெலிந்ததால் அல்ல. சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நிற்கிறது, போக வழியில்லை. 1 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால், அடிப்பக்கத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறக்குறைய 1 டன் அழுத்தம் இருக்கும். மண்ணின் பாரம் அதற்கு மேல் தனி. சுவரின் கீழ்வரிசையில் துளைகள் இருக்கின்றனவா? இருந்தால் மழைக்குப் பின் அவற்றிலிருந்து தண்ணீர் கசிகிறதா? உங்கள் கடிதத்தைப் பார்த்தால் துளையே இல்லை, அல்லது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றுகிறது. அதன் மேல் பூச்சு பூசினால் மிச்சமிருக்கும் கசிவும் நின்றுபோகும். மூன்று வரி பிளாக் ஏற்றினால் அதற்குப் பின்னால் இன்னும் மண் சேரும், பாரம் கூடும். அந்தக் கட்டடக்காரர் சொன்னதில் சுவருக்கு நன்மை செய்யும் வேலை ஒன்றுகூட இல்லை. உண்மையான வேலை கண்ணுக்குத் தெரியாது. சுவருக்குப் பின்னால் தோண்டி, ஜல்லி நிரப்பி, மண் உள்ளே புகாமல் வடிதுணி சுற்றி, அடியில் துளையிட்ட குழாயை வைத்து, அதைச் சுவரின் ஓரம் வரை கொண்டுவந்து வெளியே விடவேண்டும். வயிறு தள்ளிய பகுதியைப் பிரித்துத்தான் கட்டவேண்டியிருக்கும். இந்தச் சுவரைப் பொறியாளர் ஒருவர் பார்க்காமல் யாரும் தொடக்கூடாது.

கான்கிரீட் முற்றம் பற்றி ஒரு கணக்கு. 100 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 100 லிட்டர். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் உங்களுக்குப் பக்கத்து விர்ஜினியா விமான நிலையத்தில் 24 மணி நேரத்தில் 300 மி.மீ.-க்கு மேல் பெய்தது. அப்படியானால் ஒரே கூரையிலிருந்து 30,000 லிட்டர். முற்றத்தையும் கான்கிரீட் ஆக்கினால் அதுவும் இன்னொரு கூரைதான். புல் கொஞ்சம் பிடித்து வைக்கும், கொஞ்சம் தாமதப்படுத்தும். சிமெண்ட் அப்படியே தள்ளிவிடும். அந்த மழையை ஆராய்ந்த உலக வானிலைக் காரணக் கண்டறிதல் குழு (World Weather Attribution), முன்பு 40 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கக்கூடிய அளவு மழையை இப்போது 20 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கலாம் என்று சொன்னது. அதாவது நீங்கள் இந்த வீட்டில் இருக்கும் காலத்திலேயே இன்னொன்று வரலாம். கார் நிறுத்தும் இடத்துக்குச் சக்கரம் ஓடும் இரண்டு பட்டை போதும், நடுவில் புல் இருக்கட்டும்.

கல்லி குழியில் விடும் யோசனை எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. அது சமையலறை, குளியலறைத் தண்ணீர் போகும் சாக்கடை வழி. நம் ஊரில் சாக்கடைக் குழாய் வேறு, மழைநீர்க் குழாய் வேறு. மழைநீரைச் சாக்கடையில் விடுவது சட்டவிரோதம். அது ஏட்டுச் சட்டம் என்று நினைக்காதீர்கள். தெருவில் பத்து வீடு இப்படிச் செய்தால், கனமழையில் கீழே இருக்கும் வீட்டின் மேன்ஹோல் மூடி தூக்கிக்கொண்டு மலம் முற்றத்துக்கு வரும். இதைச் சுலபமாகச் செய்துகொடுக்கிறேன் என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இப்போது மகனுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அவர் படித்தது பொதுவாகச் சரியான அறிவுரை. மழைநீரை மண்ணுக்குள் இறக்கு, தெருவுக்கு ஓடவிடாதே என்றுதான் நாங்களும் எல்லா ஊரிலும் சொல்கிறோம். சமவெளி மணலில் இருப்பவருக்கு ஊறல் குழி நல்ல யோசனை. ரெட் ஹில் சரிவில் அப்படி இல்லை. உங்கள் மேட்டில் இருப்பது பெரேயா செம்மணல். பழைய கடற்கரை மணல் மேடுகள் நாள்பட்டு, இரும்புத் துருவாலும் கொஞ்சம் களிமண்ணாலும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். அதனால்தான் உங்கள் கணவர் காலத்தில் யாரும் பயப்படவில்லை. முழுக்க நனைந்தால் அந்த ஒட்டு விட்டுப்போய், ஈரம் பட்ட நாட்டுச் சர்க்கரைக் கட்டிபோல உட்கார்ந்துவிடும். மேட்டின் உச்சியில் ஊறல் குழி தோண்டி உங்கள் கூரைத் தண்ணீரை அதில் விட்டால், எந்த மண் நனையக்கூடாதோ அதை நீங்களே வருடம் முழுக்க நனைக்கிறீர்கள். சுவருக்குப் பின்னால் தண்ணீர் நிற்பதுதான் நோய் என்று இப்போதுதான் சொன்னேன். ஊறல் குழி அந்த நோயைக் குழாய் போட்டு வளர்க்கும்.

அப்படியென்றால் இந்தப் பக்கம் யாருமே ஊறல் குழி போடக்கூடாதா? போடலாம், சமதளமாக, கீழே வெட்டிய சரிவோ தாங்குசுவரோ பக்கத்தில் இல்லாத இடத்தில். என் கைக்கணக்கு, சரிவு எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்காவது தள்ளியிருக்கவேண்டும், வீட்டு அஸ்திவாரத்திலிருந்தும் சில மீட்டர் தள்ளி. உங்கள் மனையில் அந்த இடம் தெருப்பக்கத் தோட்டத்தில்கூடக் கிடைக்காது என்றே நினைக்கிறேன். மேட்டின் மேல் வாழை, சேம்பு வைத்துத் தினமும் குழாயைத் திறந்துவிடும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். தண்ணீர் குழியிலிருந்து போனாலும் ஹோஸிலிருந்து போனாலும் மணலுக்கு ஒன்றுதான்.

ஜோஜோ தொட்டி தாராளமாக வாங்கலாம், ஆனால் மேட்டின் மேல் வேண்டவே வேண்டாம். 5,000 லிட்டர் தொட்டி நிரம்பினால் 5 டன். அதை வயிறு தள்ளிய சுவரின் தலையில் வைப்பதா? வீட்டின் தெருப்பக்கம், சமமான தளத்தில் வையுங்கள். குழாயில் தண்ணீர் வராத நாட்களுக்கு உதவும். வெள்ளத்தைத் தடுக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள். 100 சதுர மீட்டர் கூரைக்கு 50 மி.மீ. மழையில் அது நிரம்பிவிடும். வானிலை எச்சரிக்கை ஆரஞ்சு நிறத்துக்குப் போனால் முதல்நாளே காலி செய்துவைத்தால் கொஞ்சம் பயனுண்டு. நிரம்பி வழியும் குழாய் தெருப்பக்கம் போகவேண்டும்.

இனி ஆட்களைப் பற்றி. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் பக்கி என்கிற பிக்கப் வண்டியில் போன் நம்பர் ஒட்டிக்கொண்டு தெருத்தெருவாக வருகிறார்கள். மூன்று வகை. முதல் வகை, உங்கள் கட்டடக்காரர் மாதிரி, கண்ணுக்குத் தெரியும் வேலையை மட்டும் விற்பவர். பாதிப் பணம் கையில் வந்ததும் இரண்டு லோடு மணலை வாசலில் கொட்டிவிட்டு, சிமெண்ட் விலை ஏறிவிட்டது என்று ஆரம்பிப்பார். சாமான் வாங்கும் பணத்தைக் கடைக்கு நீங்களே நேரில் கட்டுங்கள். கூலியை வேலை நடக்க நடக்கக் கொடுங்கள். சுவருக்குப் பின்னால் வைக்கும் ஜல்லியையும் குழாயையும் மண் மூடுவதற்கு முன் மகன் படம் எடுத்தால்தான் அந்தப் பகுதிக்குப் பணம் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒரு நிபந்தனையைக் கேட்டதும் பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள்.

இரண்டாவது வகை, பிளான் பாஸ் பண்ணித் தருகிறேன், கவுன்சிலில் ஆள் தெரியும் என்பவர். அவருக்குத் தெரிந்த ஆள் பெரும்பாலும் வரவேற்பு மேசையில் இருப்பவர். கோப்பு நகராது, உங்கள் பணம் நகரும். மூன்றாவது வகைதான் மோசமானது, வீட்டுக்கே வராமல் பொறியாளர் கடிதம் கொடுப்பவர். கடிதத்தில் கையெழுத்தும் முத்திரையும் இருக்கும், உங்கள் சுவரின் உயரம் இருக்காது. தென்னாப்பிரிக்கப் பொறியியல் மன்றத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று அதன் இணையப் பதிவேட்டில் மகன் தேடிப் பார்க்கட்டும். பதிவு எண் சொல்லத் தயங்குபவர் பொறியாளர் இல்லை. உண்மையானவர் வந்து, மேட்டில் ஏறி, மண்ணைத் தோண்டிப் பார்த்து, படம் வரைந்து, வேலை நடக்கும்போது இன்னொரு முறை வருவார். அந்தச் செலவு வலிக்கும். ஆனால் வீட்டுக் காப்பீடு வைத்திருந்தால் பாலிசியை எடுத்துப் படியுங்கள். பல பாலிசிகளில் மண் சரிவுக்கு அரைகுறை இழப்பீடுதான், பொறியாளர் வடிவமைக்காத தாங்குசுவருக்கு அதுவும் இல்லை.

மேட்டுக்கு மேலே இருக்கும் அடுத்த வீட்டுக்காரர் தன் முற்றத்தில் வாடகைக்கு ஒரு அறை எழுப்பி, கூரைக் குழாயை வேலியோரம் விட்டிருக்கிறாரா என்று பாருங்கள். இந்தப் பகுதிகளில் பாதி வழக்குக்கு மூலம் அதுதான். மேலிருந்து இயல்பாக இறங்கும் மழைநீரைக் கீழ்மனைக்காரர் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அதைக் குழாயில் சேர்த்து ஒரே இடத்தில் உங்கள் மேல் கொட்ட அவருக்கு உரிமையில்லை. மழை பெய்யும்போது மகன் வீடியோ எடுக்கட்டும். முதலில் நேரில் போய்ப் பேசுங்கள், கேட்காவிட்டால் கடிதம், அப்புறம் கவுன்சில் கட்டட ஆய்வாளர். கவுன்சிலில் ஒரு குறிப்பு எண் தருவார்கள். அந்த எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கிடைக்கப்போவது பெரும்பாலும் அந்த எண் மட்டும்தான். மழைநீர்ப் பிரிவு இது கட்டடப் பிரிவு வேலை என்னும், கட்டடப் பிரிவு இது தனியார் தகராறு என்னும். 2019-இல் பளபளப்பான பருவநிலைச் செயல்திட்டம் வெளியிட்ட நகரம் இது. அதே ஆண்டு ஈஸ்டர் வெள்ளத்தில் மாகாணத்தில் 70 பேர் அளவில் இறந்தார்கள். திட்டத்தில் எழுதியிருப்பதில் நான் குறை சொல்லமாட்டேன். உங்கள் தெருமுனை வடிகால் வாயில் இன்றைக்கும் பிளாஸ்டிக் பை அடைத்திருக்கும், அதைத்தான் சொல்கிறேன். ஆள் அனுப்பும் வரை காத்திருக்காமல் தெருக்காரர்கள் சேர்ந்து மழைக்கு முன் அதன் வாயை மட்டுமாவது சுத்தம் செய்யுங்கள். மூடியைத் தூக்கி உள்ளே இறங்கவேண்டாம்.

உங்கள் வீட்டுத் தண்ணீருக்கும் அந்தத் தெருதான் வழி. கூரையோர நீர்வாய்க்கால்களை (கட்டர்) பெரிதாக்கி, குழாய்களை வீட்டின் பக்கவாட்டில் மூடிய குழாயாகத் தெருவோரம் வரை கொண்டுபோங்கள். சமையலறைக்கும் மேட்டுக்கும் நடுவில் ஆழமில்லாத ஒரு சிமெண்ட் வாய்க்கால், அதே வழியில் சேரும்படி. உங்கள் முற்றத்தில் சிமெண்ட் தேவைப்படும் இடம் இது ஒன்றுதான். தோண்டுவதற்கு முன் மனைப்பத்திரத்தையும் பழைய பிளானையும் எடுத்துப் பாருங்கள், கவுன்சில் குழாய் போகும் சர்விட்யூட் பட்டை உங்கள் மனையில் இருக்கலாம். அதன் மேல் எதையும் கட்டமுடியாது.

வேலையை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, மழை குறைந்த குளிர்காலத்தில் முடியுங்கள். செப்டம்பர், அக்டோபரில் முதல் மழை விழுந்ததும் மேட்டின் குறுக்கே, சம உயரத்தில் வரிவரியாக வெட்டிவேர் நடுங்கள், ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளியில். அதன் வேர் 3 மீட்டர் வரை நேரே கீழே இறங்கும், விதை பரப்பி அடுத்தவர் நிலத்துக்குப் போகாது. மேல்மண் கரைவதை அது நிறுத்தும். சுவருக்குப் பதிலாக ஆகாது.

சிரிங்கா மரம் மாரியம்மன் பூசைக்கு இலை கொடுக்கலாம், ஆனாலும் அது தானே பரவிப் பெருகும் அந்நிய மரம், ஒருநாள் போகவேண்டியதுதான். இந்த ஆண்டு வேண்டாம், மேட்டு மண்ணை அதன் வேரும் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெட்டிவேர் ஒரு கோடை வேரூன்றிய பிறகு, கிளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அடிமரத்தைத் தரையோடு அறுங்கள். அடிக்கட்டை துளிர்க்காமல் மருந்து தடவவேண்டும். வேரைத் தோண்டி எடுக்க யாராவது ஜேசிபி கொண்டுவந்தால் கேட்டைத் திறக்காதீர்கள்.