லாரி எஞ்சினுக்கு ஆன்டிஃப்ரீஸையும் தண்ணீரையும் எந்த விகிதத்தில் கலக்க வேண்டும்?

உங்கள் கனரக லாரியின் கூலன்ட்டை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை, முழுவதுமாக மாற்றப் போவதாகவும், வாங்கி வைத்திருப்பது தண்ணீர் கலக்காத ஆன்டிஃப்ரீஸ் (உறைதடுப்பி) செறிவு என்றும் எழுதியிருக்கிறீர்கள். வண்டி ஆண்டின் பெரும்பகுதி வெயில் மிகுந்த சமவெளியிலும், சில வாரங்கள் மட்டும் உறைபனி விழும் மலைப்பாதையிலும் ஓடுகிறது. வெறும் தண்ணீரே போதும் என்று ஒருவரும், செறிவை அப்படியே ஊற்றினால்தான் முழுப் பாதுகாப்பு என்று இன்னொருவரும் சொல்ல, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். டீசல் எஞ்சின் பராமரிப்பே என் தொழில் என்பதால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

அவர்கள் சொன்ன இரண்டுமே எஞ்சினைக் கெடுக்கும் வழிகள். எத்திலீன் கிளைக்கால் அடிப்படையிலான ஆன்டிஃப்ரீஸ் என்றால், கன அளவில் பாதிக்குப் பாதி கலப்பதே உங்கள் வண்டிக்குச் சரி. எஞ்சின் தயாரிப்பாளரின் கையேடு வேறு விகிதம் சொன்னால் அதுவே இறுதியானது. கையேடு கைவசம் இல்லாத நிலையில் ஆன்டிஃப்ரீஸின் பங்கு 40 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காமலும் 60 விழுக்காட்டைத் தாண்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செறிவைக் கூட்டக் கூட உறைநிலை இறங்கிக்கொண்டே போகும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஒரு எல்லை வரைதான் அது உண்மை. மூன்றில் ஒரு பங்கு எத்திலீன் கிளைக்கால் கலந்த நீர் சுமார் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் வரையிலும், பாதிக்குப் பாதி கலவை மைனஸ் 37 வரையிலும், 60 விழுக்காட்டுக் கலவை மைனஸ் 50-ஐ ஒட்டியும் உறையாமல் தாங்கும். ஏறக்குறைய 70 விழுக்காட்டைக் கடந்ததும் பாதுகாப்பு திரும்பக் குறையத் தொடங்குகிறது. தண்ணீரே சேராத தூய எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியை ஒட்டியே உறைந்துவிடும். ஆகவே செறிவை அப்படியே ஊற்றச் சொன்னவரின் பேச்சைக் கேட்டால், குளிருக்கு எதிராகவே உங்கள் வண்டி பாதிக்குப் பாதி கலவையை விடப் பலவீனமாக நிற்கும்.

வெப்பத்தை எடுத்துச் செல்லும் வேலையிலும் செறிவு தோற்கிறது. சாதாரண வெப்பநிலையில் ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வெப்பம் தேவை; பாதிக்குப் பாதி கலவைக்குச் சுமார் 3.3, தூய கிளைக்காலுக்குச் சுமார் 2.4 போதும். அதாவது, ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்கு எடுத்துச் செல்லப்படும் வெப்பத்தின் அளவு செறிவு கூடக் கூடக் குறைகிறது. திரவம் கெட்டியாவதால் ஓட்டமும் மந்தமாகிறது. அளவுக்கு மீறிய செறிவில், ஆன்டிஃப்ரீஸோடு சேர்ந்து வரும் சிலிகேட் போன்ற சேர்மங்கள் கரைந்து நிற்க முடியாமல் கூழ்போலப் பிரிந்து ரேடியேட்டர் குழாய்களில் படிவதும் உண்டு. பாரம் ஏற்றிக்கொண்டு நீண்ட ஏற்றத்தில் போகும்போது எஞ்சின் சூடேறுகிறது என்று வரும் வண்டிகளில் முதலில் செறிவைத்தான் நான் அளந்து பார்ப்பேன். ஏனெனில் நல்லெண்ணத்தோடு கூடுதலாக ஊற்றிய ஆன்டிஃப்ரீஸ் இந்தக் குறையை உண்டாக்கும் என்பது பலருக்கும் தோன்றுவதில்லை.

வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீர்தான் சிறந்தது என்றால் வெறும் தண்ணீரையே ஊற்றினால் என்ன என்ற கேள்வி எழும். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. 3,000 மீட்டர் உயரத்தில் 90 டிகிரிக்கே கொதித்துவிடும். பாதிக்குப் பாதி கலவையோ திறந்த நிலையிலேயே 107 டிகிரி அளவுக்குத் தாங்கும். ஒரு பார் (ஏறக்குறைய ஒரு வளிமண்டல) அழுத்தம் பிடிக்கும் ரேடியேட்டர் மூடி சரியாக இருந்தால் அது ஏறக்குறைய 129 டிகிரி வரை உயரும். சிலிண்டர் ஹெட்டின் எக்ஸாஸ்ட் வால்வை ஒட்டிய இடங்களில் உலோகம் மற்ற இடங்களை விட மிகச் சூடாக இருப்பதால், அங்கே உண்டாகும் நீராவிப் படலம் உலோகத்தைத் திரவம் தொடவிடாமல் செய்கிறது. கொதிநிலை உயர்ந்திருப்பது அந்த இடங்களைத்தான் முதலில் காப்பாற்றுகிறது. மலைப்பாதையில் ஒரே ஓர் இரவு வெறும் தண்ணீரோடு வண்டியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும்: உறையும்போது நீர் ஏறக்குறைய 9 விழுக்காடு விரிவதால், ரேடியேட்டர் மட்டுமல்ல, எஞ்சின் பிளாக்கே வெடிக்கக்கூடும்.

ஆனால் பெரிய டீசல் எஞ்சினைப் பொறுத்தவரை உறைதலையும் கொதித்தலையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது சிலிண்டர் லைனர், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் உலோகக் குழல். கனரக எஞ்சின்கள் பலவற்றில் லைனரின் வெளிச்சுவர் நேரடியாகக் கூலன்ட்டில் நனைந்தபடி இருக்கும். எரிதலின் அழுத்தத்தில் பிஸ்டன் பக்கவாட்டில் மோதும் ஒவ்வொரு முறையும் லைனர் அதிர்கிறது. சுவர் உள்வாங்கும் நொடியில் அதன் மறுபக்கத்தில் அழுத்தம் தாழ்ந்து நுண்ணிய நீராவிக் குமிழ்கள் தோன்றுகின்றன. சுவர் திரும்பி வரும்போது அவை நொறுங்கிச் சிதைகின்றன. அந்தச் சிதைவின் விசை உலோகத்தைத் துகள் துகளாகப் பெயர்த்து, நாளடைவில் லைனரில் குண்டூசி பருமனுக்குத் துளை போட்டுவிடும். துளை விழுந்த பிறகு கூலன்ட் சிலிண்டருக்குள்ளும் எஞ்சின் ஆயிலுக்குள்ளும் இறங்கிவிடும். அதன் பின் எஞ்சினைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இதைத் தடுப்பது கிளைக்கால் அன்று, அதனோடு சேர்ந்து வரும் தடுப்பான் மருந்துகள். நைட்ரைட், மாலிப்டேட் போன்றவை லைனரின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி, குமிழ்கள் அதைச் சிதைக்கச் சிதைக்க மீண்டும் மீண்டும் புதுப்பிக்கின்றன. சில நீண்டகாலக் கூலன்ட்டுகளில் கரிம அமிலங்களே இந்த வேலையைச் செய்கின்றன. நீங்கள் தண்ணீரைக் கூட்டினால் இந்த மருந்துகளும் அதே அளவுக்கு நீர்த்துப் போகும். உறைபனியையே காணாத ஊரில் ஓடும் லாரிக்கும் 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். உறைபனி இல்லாத இடங்களில் தண்ணீரோடு தடுப்பான் மருந்தை மட்டும் தனியே சேர்த்து ஓட்டச் சில எஞ்சின் தயாரிப்பாளர்கள் அனுமதிப்பது உண்மைதான். அது கையேட்டில் தெளிவாக எழுதப்பட்டிருந்தால் மட்டுமே பொருந்தும். மலையேறும் உங்கள் வண்டிக்கு அது எவ்விதத்திலும் பொருந்தாது.

இந்த இடத்தில் கேனின் மேல் எழுதியிருப்பதையும் கவனிக்க வேண்டும். கார்களுக்கான ஆன்டிஃப்ரீஸ், ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பின் டி 3306 என்ற தரத்தைக் குறிப்பிட்டிருக்கும்; லைனர் பாதுகாப்புக்கான மருந்துகளைத் தொடக்கத்திலேயே சேர்த்துத் தயாரிக்கப்படும் கனரக வகை டி 6210 என்ற தரத்தைக் குறிப்பிட்டிருக்கும். காருக்கானதை வாங்கிவிட்டு விகிதத்தை மட்டும் சரியாகக் கலந்து பயனில்லை. நிறத்தை நம்பி வாங்குவதும் கூடாது. பச்சை, சிவப்பு, மஞ்சள் ஆகியவை தயாரிப்பாளர் விருப்பப்படி சேர்க்கும் சாயங்களே தவிர, எந்த நிறம் எந்த வகை என்பதற்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. அலுமினிய ரேடியேட்டர் உள்ள சில புதிய எஞ்சின்களுக்கு நைட்ரைட் இல்லாத வகைதான் வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வதால், வாங்கும் முன் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். கரிம அமில வகையையும் பழைய கனிம உப்பு வகையையும் ஒன்றாகக் கலந்தால் உடனே கேடு தெரியாது. ஆனால் நீண்டகாலம் உழைக்க வேண்டியது அந்த ஆயுளை இழந்துவிடும்.

கலவையில் பாதி தண்ணீர் என்பதால் அந்தத் தண்ணீரைப் பற்றியும் அதே அளவு அக்கறை வேண்டும். கிணற்றுத் தண்ணீரிலும் குழாய்த் தண்ணீரிலும் உள்ள கால்சியமும் மக்னீசியமும் எஞ்சினின் மிகச் சூடான பகுதியில் பாறைபோல் படிந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கின்றன. குளோரைடு அலுமினியத்தை அரிக்கிறது. கனரக எஞ்சின்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் வரம்பு, லிட்டருக்குக் குளோரைடு 40 மில்லிகிராம், சல்பேட் 100, மொத்தக் கடினத்தன்மை 170, கரைந்த திடப்பொருள் 340 என்பதாகும். இவற்றைச் சோதித்துப் பார்க்க வசதி இல்லாவிட்டால் காய்ச்சி வடித்த நீரையோ தாது நீக்கிய நீரையோ வாங்கி ஊற்றுங்கள். தண்ணீரைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம் என்றால், முன்னரே கலந்து விற்கப்படும் ரெடிமிக்ஸ் நல்ல வழி. அதில் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்கக் கூடாது.

பழையதை இறக்கியபின் எஞ்சின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் கணிசமான திரவம் தங்கிவிடும். சுத்தமான நீரால் அலசியிருந்தால் தங்கியிருப்பதும் தண்ணீரே என்பதால், வெளியே பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினாலும் உள்ளே செறிவு குறைந்துதான் நிற்கும். எனவே அலசிய வண்டியில், மொத்தக் கொள்ளளவின் பாதிக்குரிய செறிவை முதலில் ஊற்றிவிட்டு மீதியைத் தண்ணீரால் நிரப்புவதே கணக்குப்படி சரி. காற்று வெளியேறும் திருகைத் திறந்து வைத்து மெதுவாக ஊற்றுங்கள். ஹீட்டரைத் திறந்து வைத்து, தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறக்கும் வரை எஞ்சினை ஓட்டுங்கள். நன்றாக ஆறியபின் மட்டத்தை மறுபடி பாருங்கள். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது.

அதன் பின் கலவையின் செறிவை ரிஃப்ராக்டோமீட்டரால் (ஒளி விலகுவதை வைத்து அளக்கும் கருவி) அளந்து பார்க்க வேண்டும். மிதவையுள்ள ஹைட்ரோமீட்டர் எத்திலீன் கிளைக்காலுக்கு ஓரளவு உதவும். ஆன்டிஃப்ரீஸின் இன்னொரு வகையான புரோப்பிலீன் கிளைக்கால் என்றால் அது தவறான அளவைக் காட்டும். ரிஃப்ராக்டோமீட்டரிலும் இரண்டு வகைக்கும் தனித்தனி அளவுகோல்கள் இருப்பதால், உங்கள் கேனில் உள்ள வகைக்கானதைப் படியுங்கள். தடுப்பான் மருந்தின் அளவை அந்தக் கருவி காட்டாது. அதற்கென நிறம் மாறும் சோதனைத் தாள்கள் தனியே கிடைக்கின்றன. அந்தத் தாளில் மருந்து குறைந்திருப்பது தெரிந்தால் மட்டுமே கூடுதல் மருந்து சேர்க்க வேண்டும். சோதிக்காமல் சேர்த்தால் அதுவே படிவாக மாறும்.

அளந்ததில் ஆன்டிஃப்ரீஸின் பங்கு குறைவாக இருந்தால் மேலே செறிவை ஊற்றி மட்டத்தை உயர்த்த இடம் இருக்காது. கொஞ்சம் இறக்கித்தான் ஊற்ற முடியும். 40 லிட்டர் கொள்ளளவில் ஆன்டிஃப்ரீஸின் பங்கு 30 விழுக்காடாக இருந்தால், சுமார் 11.5 லிட்டரை இறக்கிவிட்டு அதே அளவு செறிவை ஊற்றினால் பாதிக்குப் பாதி ஆகிவிடும். வழியில் மட்டம் குறைந்தபோதெல்லாம் வெறும் தண்ணீரை ஊற்றும் பழக்கம் எவ்வளவு விரைவாகக் கலவையைக் கெடுக்கிறது என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். 50 விழுக்காட்டில் இருக்கும் அதே 40 லிட்டரில் 4 லிட்டர் ஒழுகி, அந்த இடத்தைத் தண்ணீரால் நிரப்பினால் 45 ஆகிறது. இரண்டாம் முறை 40.5, மூன்றாம் முறை 36.5. லைனரைக் காக்கும் மருந்தும் அதே வேகத்தில் கரைந்து போயிருக்கும். அதனால்தான் மேலே ஊற்றுவதற்கும் அதே கலவையில் ஒரு கேனை வண்டியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அந்தக் கேனையும் இறக்கிய பழைய கூலன்ட்டையும் மூடி பூட்டி வையுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய கொடிய நஞ்சு. பெரியவர் ஒருவரையே கொல்ல சுமார் 100 மில்லிலிட்டர் போதும் என்பதால், குழந்தைகளும் நாய்களும் நெருங்கும் இடத்தில் திறந்த பாத்திரத்தில் விடுவது ஆபத்து. சாக்கடையிலும் மண்ணிலும் கொட்டாமல், கழிவு எண்ணெயைச் சேகரிப்பவர்களிடம் அதைத் தனிக் கேனில் ஒப்படைக்க முடியுமா என்று கேளுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தபின்னும் மட்டம் தொடர்ந்து குறைந்தால் விகிதத்தை மாற்றிப் பார்ப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். ஆயில் அளவுக் கோலில் பால்நிறம் தெரிகிறதா, எஞ்சின் ஓடும்போது மேல் தொட்டியில் குமிழ்கள் விடாமல் வருகின்றனவா, புகைக்குழாயில் இனிப்பு வாடையுள்ள வெண்புகை வருகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் ஹெட் கேஸ்கெட்டையும் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) லைனரையும் சோதிக்கும் வரை வண்டியில் பாரம் ஏற்றாதீர்கள்.