ஆபரேஷன் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு சீழ், கல்ச்சர்ல ஒண்ணுமில்ல: எங்க தேடறது?

கேள்வி: சின்ன ஹாஸ்பிட்டல்ல ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) இன்சார்ஜ் நர்ஸா இருக்கேன். லேப்ராஸ்கோப்பில பித்தப்பை எடுத்த நாலு பேருக்கு, காயம் நல்லா ஆறி வீட்டுக்கு போய் மூணு நாலு வாரம் கழிச்சு தொப்புள் கிட்ட ஓட்டை போட்ட இடத்துல கட்டி, சீழ். எந்த ஆன்டிபயாட்டிக்கும் கேக்கல. கல்ச்சர்ல, அதான் சீழ்ல கிருமி வளருதான்னு பாக்கற டெஸ்ட்ல, ஒண்ணும் வளரலங்கறாங்க. ஓ.டி. முழுக்க பஞ்சுக் குச்சியால தடவி ஸ்வாப் எடுத்து ஃபார்மலின் புகையும் போட்டாச்சு. வேற எங்க பாக்கறது?

பதில்: சிஸ்டர், சுவரையும் ஏசியையும் கொஞ்ச நாள் விட்டுடுங்க, நீங்க சொன்னதுலயே பாதி பதில் இருக்கு. ஸ்டெஃபைலோ, க்ளெப்சியெல்லா மாதிரி வழக்கமான கிருமின்னா பெரும்பாலும் முதல் பத்து நாளுக்குள்ளயே காட்டிடும். ஆறின காயம் மூணு வாரம் கழிச்சு திறந்துக்குது, அதுவும் லேப்ராஸ்கோப்பிலன்னா நான் முதல்ல சந்தேகப்படறது டிபி கிருமிக்கு தூரத்து சொந்தமான அப்ஸெஸஸ், கெலோனே, ஃபார்ச்சூயிட்டம்ங்கற மைக்கோபாக்டீரியா கும்பலைத்தான். இதுங்க தண்ணில, டேங்க்ல, பைப்புக்குள்ள வழவழப்பா ஒட்டிக்கிட்டு வாழும். சாதா கல்ச்சர் பிளேட்ட ரெண்டு நாள்ல தூக்கி போட்டுடறாங்க இல்லையா, அதான் "வளரல". லேப்ல பேசி, ஸ்வாப் இல்லாம ஊசில உறிஞ்சின சீழோ திசுவோ அனுப்பி, ஏஎஃப்பி ஸ்டெய்ன் (டிபி வகை கிருமிய சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல பாக்கறது) கேளுங்க, பிளேட்ட குறைஞ்சது பத்து நாள் வெச்சிருக்க சொல்லுங்க. ஏஎஃப்பி பாசிட்டிவ்னு வந்ததும் டிபி மருந்த ஆரம்பிச்சுடறவங்க உண்டு, அந்த மருந்துல பெரும்பாலானது இதுங்ககிட்ட எடுபடாது.

அப்புறம் ஒரு நோட்டு போடுங்க. யாருக்கு, எந்த தேதி, அன்னிக்கு எத்தனாவது கேஸ், எந்த செட், அத யார் கழுவினாங்க, எதுல முக்கினாங்க. பாதிக்கப்படாதவங்களையும் கண்டிப்பா எழுதணும், நிறைய பேர் இத விட்டுடறாங்க. அதே தியேட்டர்ல, அதே சர்ஜன்கிட்ட ஓப்பனா ஹெர்னியா பண்ணவங்க நல்லா இருக்காங்கன்னா காத்து மேலயும் சர்ஜன் கை மேலயும் சந்தேகம் குறைஞ்சிடும், லேப்ராஸ்கோப்பி கருவி மட்டும் மிச்சம். டிஸ்சார்ஜ் ஆனவங்களுக்கும் போன் போடுங்க, வேற டாக்டர்கிட்ட போயிருப்பாங்க.

இப்ப கருவி. ட்ரோக்காரை (வயித்துல ஓட்டை போட்டு கருவி விடற குழாய்) முழுசா கழட்டாம, உள்ள பிரஷ் போடாம சைடெக்ஸ்ல, அதான் குளூட்டரால்டிஹைடு கிருமிநாசினில, முக்கினா அது வெறும் குளியல்தான். 20 நிமிஷம் முக்கறது ஸ்டெரிலைசேஷன் கிடையாது, அதுக்கு 10 மணி நேரம் வேணும். கலக்கின சைடெக்ஸ் 14 நாள் வரும்னு லேபிள்ல இருந்தாலும் ஈரத்தோட ஈரமா போட்டுட்டே இருந்தா முன்னாடியே நீர்த்துடும், மருந்தோட வீரியம் காட்டற டெஸ்ட் ஸ்ட்ரிப் வெச்சு பாருங்க. எல்லாத்தையும் விட முக்கியம், முக்கி எடுத்த பிறகு எந்த தண்ணில அலசறீங்க? குழாய் தண்ணியோ, கொதிக்க வெச்சு ஆற வெச்சதோன்னா உங்க ஆள் பெரும்பாலும் அங்கதான். ஸ்ட்ரிப் பாஸ் ஆயிடுச்சுன்னும் நிம்மதியா இருக்க முடியாது, பிரேசில்ல ரியோ டி ஜெனிரோவுல 2006-07ல 63 ஹாஸ்பிட்டல்ல இந்த மாதிரி ஆயிரத்துக்கு மேல கேஸ் வந்தப்ப, பரவின கிருமி 2 சதவீத குளூட்டரால்டிஹைடுக்கே சாகலன்னு கண்டுபிடிச்சாங்க.

தண்ணில கிருமி வளர்ந்துட்டா உடனே கேஸ் முடிஞ்சுதுன்னு சொல்லிடாதீங்க, டேங்க்ல இது சாதாரணமாவே இருக்கும். சீழ்ல வந்ததும் தண்ணில வந்ததும் ஒரே இனமா இருந்தா போதாது, ஒரே ஸ்ட்ரெய்னா (இனத்துக்குள்ள ஒரே வம்சமா) இருக்கணும், அதுக்கு ஜீனோம் சீக்வென்சிங் மாதிரி மரபணு டெஸ்ட் வேணும். மெடிக்கல் காலேஜ் மைக்ரோபயாலஜில கேட்டா எங்க அனுப்பறதுன்னு சொல்வாங்க, அதுவரைக்கும் வளர்ந்த கிருமிய லேப் தூக்கி போடாம பாத்துக்கோங்க.

ரிசல்ட்டுக்கு காத்திருக்காம இன்னிலேருந்தே தாங்கற கருவி எல்லாத்தையும் ஆட்டோகிளேவ்ல போடுங்க, டெலிஸ்கோப் மேலயே தாங்குமான்னு எழுதியிருக்கும். தாங்காதத ஈடிஓவுக்கு (எத்திலீன் ஆக்ஸைடு வாயுல ஸ்டெரிலைஸ் பண்றது) அனுப்புங்க. செட் பத்தலன்னா ஒரு நாளைக்கு ரெண்டு கேஸோட நிறுத்த சொல்லி சர்ஜன்கிட்ட நேராவே கேட்டுடுங்க.