முடிவு தெரிந்த முன்கதைத் தொடரில் பாத்திர வளர்ச்சிக்கு என்ன வேலை? 'கோதம்' ஏழாவது எபிசோட்

கேள்வி: சூப்பர் ஹீரோ முன்கதைத் தொடர்களில் யார் பின்னால் என்ன ஆவார்கள் என்பது முன்பே தெரியும். அப்புறம் பாத்திர வளர்ச்சி என்று எதைப் பார்ப்பது? நல்ல உதாரணமாக ஒரு எபிசோட் சொல்ல முடியுமா?

ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால், பேட்மேனின் முன்கதையான 'கோதம்' தொடரில் முதல் சீசனின் ஏழாவது எபிசோட். 'பெங்குவின்ஸ் அம்ப்ரெல்லா' என்று பெயர். 2014 நவம்பரில் வந்தது. கீழே எல்லாமே ஸ்பாய்லர்தான், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

இந்தத் தொடரை நான் அக்காவோடு உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு பேட்மேன் காமிக்ஸ் ஓரளவு அத்துப்படி. அக்காவுக்கு பேட்மேன் என்றால் கறுப்பு கோட் போட்டவன், அவ்வளவுதான். பெங்குவின் என்றொரு வில்லன் 1941 முதல் காமிக்ஸில் இருக்கிறான் என்பதெல்லாம் தெரியாது. அதனால் ஃபிஷ் மூனி என்ற தாதா பெண்ணுக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கும், பின்னாளில் பெங்குவின் ஆகப்போகும் ஆஸ்வால்ட் காபிள்பாட்டைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அக்கா, "யாருடா இந்தக் குடைக்காரப் பையன், பாவமா இருக்கான்" என்றாள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்னாளில் பேட்மேன் ஆகப்போகும் சிறுவன் புரூஸ் வேயினின் பெற்றோர் கொலையில் ஓர் அப்பாவியை மாட்டிவிட்டது ஃபிஷ் மூனிதான் என்று ஆஸ்வால்ட் போலீஸில் போட்டுக்கொடுக்கிறான். அது வெளியே தெரிந்துவிடுகிறது. மூனி அவனை அடித்த அடியில்தான் கால் போய் அந்த வாத்து நடை வருகிறது. மூனிக்கும் மேலே இருக்கும் பெரிய டான் ஃபால்கோனியிடமிருந்து உத்தரவு: புதிதாக வந்த போலீஸ்காரன் ஜிம் கோர்டன் இவனைப் படகுத்துறைக்குக் கூட்டிப்போய்ச் சுட வேண்டும், அப்போதுதான் அவன் நம் ஆள் என்று அர்த்தம். கோர்டன் நேர்மையானவன். காதோரமாகச் சுட்டு, ஆளைத் தண்ணீரில் தள்ளிவிட்டு, இந்த ஊர்ப் பக்கமே வராதே என்று சொல்லி அனுப்பிவிடுகிறான்.

கரையேறியதும் ஆஸ்வால்ட் செய்யும் முதல் வேலை, மீன் பிடித்துக்கொண்டிருந்தவனின் கழுத்தை அறுத்து அவனுடைய சாண்ட்விச்சைத் தின்பது. லிஃப்ட் கொடுத்த கல்லூரிப் பையன்களில் ஒருவன் பெங்குவின் மாதிரி நடக்கிறாய் என்றதும் பாட்டிலை உடைத்துக் குத்துகிறான். ஊருக்குத் திரும்பி, எதிரி கோஷ்டியான மரோனியின் உணவகத்தில் பாத்திரம் கழுவச் சேர்கிறான். ஆள் வைத்து அங்கேயே ஒரு கொள்ளை நடத்தி, மேனேஜர் பதவியைப் பிடித்து, கொள்ளையடித்த ஆட்களுக்கு இனிப்பில் விஷம் வைத்து முடித்துவிடுகிறான். ஆறாவது எபிசோட் முடிவில், அவனைக் கொன்றதாகக் கோர்டனைக் கைது செய்திருக்கும் நேரம் பார்த்துக் காவல் நிலையத்துக்குள் நுழைந்து, நான்தான் ஆஸ்வால்ட் காபிள்பாட் என்று பேரைச் சொல்கிறான்.

இதுவரை நான் பார்த்தது பழகிய கதைதான். பயந்தாங்கொள்ளி அடிபட்டு, செத்துப் பிழைத்து, கொடூரனாகிறான். ஒவ்வொரு படியிலும் "ஆங், இப்படித்தான் பெங்குவின் ஆகிறான்" என்று அக்காவுக்கு நோட்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஏழாவது எபிசோடில் கோர்டன் ஏமாற்றியது ஊருக்கே தெரிந்துவிட்டது. ஃபால்கோனி அனுப்பும் கொலையாளி விக்டர் ஸாஸ் காவல் நிலையத்துக்குள் சாவகாசமாக வருகிறான். மொட்டைத் தலை, கூடவே இரண்டு பெண்கள். எல்லோரும் வெளியே போங்கள் என்கிறான். அத்தனை போலீஸும் தலையைக் குனிந்தபடி எழுந்து போகிறது. ஊர் எப்படி அழுகிக் கிடக்கிறது என்று இதற்கு முன் ஆறு எபிசோடாகப் பேசியதை இந்த அரை நிமிடம் காட்டிவிடுகிறது. அடிபட்டுத் தப்பிக்கும் கோர்டன், எப்படியும் சாவுதான் என்று முடிவு கட்டி, கூட வேலை பார்க்கும் போலீஸ்காரன் புல்லக்கைச் சேர்த்துக்கொண்டு மேயரையும் ஃபால்கோனியையும் கைது செய்யக் கிளம்புகிறான். அங்கே போனால் அவன் காதலி பார்பரா பணயமாக இருக்கிறாள். ஊரை விட்டு அனுப்பி வைத்தவள், தானாகத் திரும்பி வந்து ஃபால்கோனியிடமே கெஞ்சப் போயிருக்கிறாள். (பார்பராவுக்கு முதல் சீசனில் இப்படிப்பட்ட வேலைகளை மட்டும்தான் கொடுத்தார்கள். பாவம்.) கோர்டன் துப்பாக்கியைத் தாழ்த்துகிறான்.

அத்தோடு எபிசோட் முடிந்தது என்று நான் ரிமோட்டைத் தேடியபோதுதான் கடைசிக் காட்சி வந்தது. ஃபால்கோனியைப் பார்க்க ஒருவன் வருகிறான். ஆஸ்வால்ட். ஃபிளாஷ்பேக். அவன் தொடக்கத்திலிருந்தே ஃபால்கோனியின் ஆள். சாகடிக்கப்படுவதற்கு முன்பே அவரிடம் பேரம் பேசி முடித்திருக்கிறான்: மூனி உங்களுக்குக் குழி பறிக்கிறாள், நான் மரோனி பக்கம் போய் உங்களுக்கு உளவு சொல்கிறேன், ஒரே ஒரு வேண்டுகோள், என்னைக் கொல்லும் வேலையை ஜிம் கோர்டனுக்குக் கொடுங்கள்.

ஏன் கோர்டன்? அவன் கொல்ல மாட்டான் என்பதால்.

படகுத்துறைக் காட்சியைப் பாம்புக்குப் பால் வார்த்த கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எந்த வீட்டில் பால் வார்ப்பார்கள் என்று பாம்பு முன்கூட்டியே விசாரித்துவிட்டு வந்திருக்கிறது.

உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. முன்கதையில் ஆள் என்ன ஆவான் என்பதை மறைக்க முடியாது. ஆனால் எதைக் கொண்டு ஆனான் என்பதை மறைக்கலாம். பெங்குவின் உருவானது மூனியின் அடியால் என்று நம்பவைத்து, கோர்டனின் நல்ல மனசுதான் அவனுக்கு முதலீடு என்று திருப்புகிறார்கள். ஒரே காட்சியில் இரண்டு பேர் வளர்கிறார்கள். ஆஸ்வால்டிடம் கொடூரத்தைத்தான் இதுவரை பார்த்தோம், இப்போது மனிதர்களைப் படிக்கும் திறமை தெரிகிறது. கோர்டனுக்கோ, அந்தக் காட்சியில் அவன் இல்லாமலேயே, தன் நேர்மையை எவனோ கணக்கில் வைத்துக் காய் நகர்த்திய அவமானம் சேர்கிறது. அவனுக்கே அது தெரியாது, நமக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவன் நல்லது செய்யும்போதெல்லாம் இதனால் யாருக்கு லாபமோ என்று எனக்குக் கொஞ்சம் உதறல் எடுத்தது.

தொடர் முழுக்க இப்படி இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஐந்து சீசன், நூறு எபிசோட். பின்னால் செத்தவர்கள் எழுந்து எழுந்து வந்தார்கள். புரூஸ் சின்னப் பையனாக இருக்கும்போதே வில்லன்கள் எல்லோரும் முழு ஆளாகிவிட்டார்கள். அவன் முகமூடி போடும் நேரத்தில் பெங்குவினுக்குப் பென்ஷன் வயது நெருங்கியிருக்கும். ஆனாலும் ராபின் லார்ட் டெய்லர் அந்தப் பாத்திரத்தை எங்கேயும் கைவிடவில்லை.

ஏழாவது எபிசோட் முடிந்த கையோடு நானும் அக்காவும் முதல் எபிசோடின் படகுத்துறைக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். கெஞ்சுகிறான், போர் வரப்போகிறது என்கிறான், உனக்கு ஒற்றனாக இருக்கிறேன் என்கிறான். அத்தனையும் நடிப்பு என்கிறாள் அக்கா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோர்டனைப் பற்றிய கணக்கு தப்பினால் அந்த இடத்திலேயே பிணம், அது அவனுக்கும் தெரியும். உடம்பு நடுங்குவது நிஜம் என்றுதான் நான் இன்னும் சொல்கிறேன். அவள் ஒத்துக்கொள்வதாக இல்லை.