பஞ்சிர் சோறும் மூன்று தலையணையும்: நெஞ்செரிச்சல் கேள்வி பதில்

பினாங்கில் மருந்துக்கடையில் மருந்தாளராக இருக்கிறேன். "கேஸ்திரிக்" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களில் நிறையப் பேருக்கு உண்மையில் இருப்பது அமிலம் மேலேறும் தொல்லைதான். வந்த கேள்விகளுக்குப் பதில்கள் இதோ.

வேலை முடிந்து இரவு 11 மணிக்கு நாசி கண்டார் (குழம்புகள் ஊற்றிய சோறு), தே தாரிக் (நுரைக்க ஆற்றிய பால் தேநீர்). ஒரு மணிக்குப் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வருகிறது. காரத்தை விட்டால் சரியாகுமா, அண்ணே?

தம்பி, காரத்தை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். உணவுக்குழாய் வயிற்றில் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் கதவு மாதிரி இருக்கிறது. வயிறு முட்டச் சாப்பிட்டால் அது தளரும். நீங்களோ நாலு குழம்பையும் கலந்து பஞ்சிராக, அதாவது வெள்ளமாக ஊற்றி, பொரித்த கோழியும் வைத்துச் சாப்பிடுகிறீர்கள். எண்ணெய்ச் சாப்பாடு வயிற்றை விட்டு இறங்க நேரமாகும். அதற்குள் படுத்தால், உள்ளே இருப்பது கதவு வரை வந்து நிற்கும். ஏழு மணி இடைவேளையில் வயிறாரச் சாப்பிடுங்கள். பதினொன்றுக்குப் பசித்தால் இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேரம் இருக்கட்டும்.

மூன்று தலையணை வைத்தும் எரிகிறது. கழுத்துவலிதான் மிச்சம்.

வரும்தான் அக்கா. தலையணையை அடுக்கினால் உடம்பு இடுப்பில் மடங்கி வயிறு அழுந்துகிறது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 6 முதல் 8 அங்குல உயரத்துக்குக் கட்டை வையுங்கள். ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் திரும்பிப் படுத்தால் அமிலம் அந்தக் கதவுக்குக் கீழே தங்கும்.

குளிர்ந்த பால்? புதினா மிட்டாய்?

பால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், அப்புறம் அமிலத்தைக் கூட்டிவிடும். புதினா அந்தக் கதவைத் தளர்த்தும், வேண்டாம்.

எரியும்போதெல்லாம் ஒமெப்ரசோல் போடுகிறேன், கேட்கவில்லை.

அது அமிலம் சுரப்பதைக் குறைக்கிற மருந்து, எரியும்போது அணைக்கிற மருந்து இல்லை. சாப்பாட்டுக்காக அமிலம் சுரக்கத் தொடங்கும் நேரத்தில் அது இரத்தத்தில் இருக்க வேண்டும். அதனால் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு, தினமும். முழுப் பலன் தெரியச் சில நாள் ஆகும். உடனடி ஆறுதலுக்குச் சாப்பிட்டபின் குடிக்கும் அல்ஜினேட் திரவம் இருக்கிறது. அது வயிற்றில் மேலே ஏடு மாதிரி மிதந்து அமிலத்தைத் தடுக்கும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்தத் திரவத்துக்கு 4 மணி நேர இடைவெளி விடுங்கள். இரண்டு வாரம் ஆகியும் அடங்காவிட்டால் டாக்டரிடம் போங்கள்.

அப்பாவுக்கு 58 வயது. நெஞ்சு அழுத்துகிறது என்கிறார். ஈனோ போதுமா?

ஒருமுறை என் கவுண்டரில் ஒருவர் ஈனோ கேட்டு நின்றார். ஏர்கான் குளிரிலும் சட்டை நனைந்திருந்தது. இடது தோளைப் பிடித்தபடியே "காத்துதான்" என்றார். உட்கார வைத்து ஆம்புலன்ஸுக்கு 999-ஐ அழைத்தேன். மாரடைப்பு. அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல், கையிலோ தாடையிலோ வலி வந்தால் ஈனோ கலக்கி நேரத்தைப் போக்காதீர்கள். அப்பாவுக்கு இப்போதும் அழுத்தம் இருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுப் போனை எடுங்கள்.

வாய் வழியாகக் கேமரா விட்டு வயிற்றைப் பார்க்கச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.

விழுங்கும்போது சிக்குகிறது, எடை குறைகிறது, மலம் கறுத்துப் போகிறது, வாந்தியில் இரத்தம் வருகிறது என்றால் தள்ளிப்போடவே கூடாது. இரத்த வாந்தி என்றால் உடனே மருத்துவமனை. கேமராவுக்கு முன் தொண்டையை மரத்துப்போகச் செய்வார்கள். பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தூக்க மருந்து கொடுத்தால் வண்டி ஓட்டக் கூடாது, கூட ஆளைக் கூட்டிப் போங்கள்.