போனவர்கள் எழுதிய புத்தகங்கள்

அன்புள்ள அக்கா,

பர்மாவின் மோல்மேன் ஊரிலிருந்து எழுதுகிறேன். கோயில் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய்த் தமிழ் படித்தவன். இப்போது கிடைக்கிற நாவலையெல்லாம் படிக்கிறேன். ஆனால் அவற்றில் வரும் ஊர்கள் எல்லாம் நான் பார்த்திராத தஞ்சாவூரும் மதுரையும்தான். பர்மாவைப் பற்றி உங்களுக்குப் பிடித்த நாவல்கள், தன்வரலாறுகள் எவை? எதில் தொடங்கலாம்? 1964-இல், ராணுவ ஆட்சியின்போது, சொந்தக்காரர்கள் எல்லாரும் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது இங்கேயே தங்கிவிட்ட என் அப்பாயிக்கும் வாசித்துக் காட்ட வேண்டும்.

ச., மோல்மேன்

அன்புள்ள தம்பி,

வெ. சாமிநாத சர்மாவில் தொடங்குங்கள். ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகையை நடத்தியவர். பிளேட்டோவையும் ரூசோவையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அதற்குப் பிறகு சில மாதங்களுக்குள் நான்கு லட்சம் பேருக்கு மேல் பர்மாவை விட்டு இந்தியாவுக்குக் கிளம்பினார்கள், பெரும்பாலும் கால்நடையாக. அந்தக் கூட்டத்தில் சர்மாவும் அவர் மனைவியும் இருந்தார்கள். அந்த அனுபவத்தைத்தான் 'பர்மா வழிநடைப் பயணம்' என்று எழுதினார்.

எங்கள் வீட்டில் அந்த நடையைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது: "சின்னத் தாத்தா நடந்து போனார், போய்ச் சேரவில்லை." அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். சர்மாவைப் படித்தபோதுதான் 'நடந்து' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை நாள், எத்தனை காடு இருந்தது என்று புரிந்தது. ஒரே மூச்சில் படித்து முடிக்காதீர்கள். பர்மா வரைபடத்தைப் பக்கத்தில் விரித்துவைத்து, ஊர்ப் பெயர் வரும்போதெல்லாம் விரல் வைத்துப் பாருங்கள்.

அதை முடித்த கையோடு ஹெப்சிபா ஜேசுதாசனின் 'மா-னீ'. அவர் பர்மாவில் வளர்ந்தவர். ஹெப்சிபா என்றால் எல்லாரும் 'புத்தம் வீடு' என்பார்கள். அதுவும் அருமையான நாவல்தான். ஆனால் நமக்கு 'மா-னீ'தான் நெருக்கம். சர்மாவிடம் சாலையைப் பார்த்தீர்கள் என்றால், இதில் அந்தப் போரை ஒரு குடும்பத்துக்குள்ளிருந்து பார்ப்பீர்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒன்று விட்டதை மற்றது சொல்லும்.

ஆங்கிலம் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஜார்ஜ் ஆர்வெல்லின் 'பர்மீஸ் டேஸ்' (1934) கட்டாயம் படியுங்கள். ஆர்வெல்லின் தாயார் வளர்ந்தது உங்கள் மோல்மேனில்தான். ஆர்வெல்லும் அங்கே போலீஸ் அதிகாரியாக இருந்திருக்கிறார். நான் ரங்கூன் பன்சோடான் தெரு நடைபாதைக் கடையில் வாங்கிய பிரதி, மங்கலான ஒளிநகல். அதை இன்னும் வைத்திருக்கிறேன். காரணம் அதில் வரும் டாக்டர் வேராசாமி. பெயரைக் கேட்டாலே தெரியும், நம் வீராசாமிதான். எமர்சன், கார்லைல் என்று அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கும் வாசகர். கதாநாயகன் ஃப்ளோரி வெள்ளைக்காரன், ஆனாலும் வெள்ளைக்காரர் ஆட்சியைத் திட்டுவான்; டாக்டர் அந்த ஆட்சியைத் தலையில் வைத்துக் கொண்டாடுவார். முதல் தடவை படித்தபோது எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. இரண்டாம் தடவை அழுதுவிட்டேன். வெள்ளைக்காரர் கிளப்பில் ஓர் உறுப்பினராகச் சேர்ந்துவிட்டால் தன் மானத்துக்குப் பாதுகாப்பு என்று நம்பிய மனிதர். ஃப்ளோரி செத்த பிறகு ஆதரிக்க ஆளில்லாமல் பதவி இறக்கப்பட்டு மண்டலேக்கு அனுப்பப்படுகிறார். மருத்துவர், கணக்கர், வட்டிக்கடைக்காரர் என்று இந்த நாட்டில் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்ற நம் ஆட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவர் முகம்தான்.

அமிதவ் கோஷின் 'த கிளாஸ் பேலஸ்' பெரிய நாவல். 1885-இல் மண்டலேயில் கேட்கும் பீரங்கிச் சத்தத்தில் ஆரம்பித்து 1942-இன் நடையையும் தாண்டிப் போகும். மழைக்காலத்துக்கு ஏற்றது. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' மேடானிலும் பினாங்கிலும் நடக்கிறது, பர்மா இல்லை. ஆனாலும் அதே போர், அதே கடல் கடந்த தமிழர்கள். விடாதீர்கள்.

அப்புறம் பாஸ்கல் கூ த்வேயின் தன்வரலாறு, 'ஃப்ரம் த லேண்ட் ஆஃப் கிரீன் கோஸ்ட்ஸ்' (2002). பர்மாவின் மலைவாழ் இனங்களில் ஒன்றான பதவுங் இனத்தவர். மண்டலேயில் உணவகத்தில் பரிமாறிக்கொண்டிருந்தபோது அங்கே சாப்பிட வந்த கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ஒருவரிடம் ஜேம்ஸ் ஜாய்ஸைப் பற்றிப் பேசுகிறார். ராணுவ ஆட்சிக்கு எதிரான 1988 கிளர்ச்சிக்குப் பின் காட்டுக்குள் ஓடி, அங்கிருந்து அதே ஆசிரியருக்குக் கடிதம் எழுதுகிறார். அந்தக் கடிதம்தான் கடைசியில் அவரைக் கேம்பிரிட்ஜ் வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. உங்களைப் போன்ற வெறிபிடித்த வாசகருக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

ஒரு விஷயம் எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது. சர்மா, ஹெப்சிபா, ஆர்வெல், பாஸ்கல் எல்லாரும் இந்த நாட்டை விட்டுப் போனவர்கள். போனவர்களின் நினைவுதான் என் அலமாரி முழுக்க இருக்கிறது. தங்கியவர் எழுதிய ஒரு புத்தகம்கூட அதில் இல்லை. உங்கள் அப்பாயி தங்கியவர். அதனால் அவருக்கு வாசித்துக் காட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். 1964 மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்களே, அன்று வீட்டில் எவ்வளவு இருந்தது என்று கேளுங்கள். கப்பல் புறப்பட்ட பிறகு பக்கத்து வீட்டில் யார் குடிவந்தார்கள் என்று கேளுங்கள். சொல்வதை அவர் பேச்சிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள். நீளமாக இருந்தால் நல்லது.

சர்மாவின் புத்தகம் என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது. அடுத்து மோல்மேன் வரும் ஆள் கையில் ஒன்றைக் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா