இரத்தப் பரிசோதனையிலேயே அல்சைமரைக் கண்டுபிடித்துவிடலாமா?

அம்மாவுக்கு மறதி கூடுகிறது, இரத்தத்தில் உள்ள வளர்சிதைப் பொருட்களை, அதாவது உடல் சாப்பாட்டை மாற்றிப் பயன்படுத்தும்போது உண்டாகும் சிறு பொருட்களைப் பார்த்து அல்சைமரா என்று சொல்லிவிடுவார்களாமே, செய்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்: அதற்காக இப்போது காசு செலவழிக்க வேண்டாம்.

2014இல் அமெரிக்க ஆய்வாளர்கள், இரத்தத்தில் உள்ள 10 கொழுப்புப் பொருட்களை அளந்து, இரண்டு மூன்று வருடத்துக்குள் நினைவாற்றல் குறையப்போகிறவர்களை 90 வீதத்துக்கு மேல் சரியாகச் சொல்லலாம் என்றார்கள். பெரிய செய்தியானது. பிறகு வேறு ஆட்களிடம் அதையே சோதித்தபோது அந்தத் துல்லியம் கிடைக்கவில்லை. சாப்பாடு, மருந்து, சிறுநீரகம் எல்லாமே இந்த அளவுகளை மாற்றிவிடும். இன்று நம்பிக்கை தருவது பி-டௌ217 என்ற புரதம். அதை, அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற இன்னொரு புரதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இரத்தச் சோதனைக்கு அமெரிக்கா 2025 மே மாதம் அனுமதி கொடுத்தது. அதுவும் அறிகுறி உள்ள, 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, மற்றப் பரிசோதனைகளோடு சேர்த்துப் பார்க்கத்தான்.

ஆனால் சாதாரண இரத்தப் பரிசோதனையைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். வெள்ளவத்தையில் எங்களோடு இருக்கும் மாமிக்கு நீண்டகாலச் சீனி வருத்தம். தேத்தண்ணி குடித்த கோப்பை கையில் இருக்கும்போதே "இன்னும் தேத்தண்ணி போடேல்லையா பிள்ளை?" என்பா. வயசுதானே என்று எல்லாரும் சொன்னார்கள். மாமியின் மருந்துப் பையை டொக்டர் கட்டிலில் கொட்டிப் பார்த்துவிட்டு, சீனிக்குப் போடும் மெட்ஃபோமின் மாத்திரையை எத்தனை வருடமாகப் போடுகிறா என்றுதான் முதலில் கேட்டார். அந்த மாத்திரை நாள்பட விட்டமின் பி12ஐக் குறைக்கும். பி12 குறைந்தால் ஹோமோசிஸ்டீன் என்ற வளர்சிதைப் பொருள் இரத்தத்தில் ஏறும், மறதியும் தடுமாற்றமும் வரும். மாமிக்கு பி12 நன்றாகக் குறைந்திருந்தது. ஊசி போடத் தொடங்கிய பிறகு மறதி முழுதாகப் போகவில்லை, ஆனால் பேத்தியோடு திரும்பவும் கதை கதையாய்க் கதைக்கிறா. எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

அதனால் பி12, தைராய்டு, சீனி, சோடியம், சிறுநீரகம் இவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அம்மா போடும் எல்லா மாத்திரையையும், தூக்க மாத்திரை உட்பட, கையோடு கொண்டுபோங்கள். காது கேட்கிறதா என்றும் சோதியுங்கள். கேட்காததைத்தான் பல வீடுகளில் மறதி என்கிறார்கள். அப்புறமும் சந்தேகம் இருந்தால் நரம்பியல் டொக்டரிடம் போங்கள். கொழும்பில் லங்கா அல்சைமர்ஸ் ஃபவுண்டேஷன் இருக்கிறது, பராமரிக்கிறவர்கள் அங்கேயும் ஆலோசனை கேட்கலாம்.